கல்லை நிறுத்தாதே

கெலவரப்பள்ளிக்குப் பக்கத்தில், தென்பெண்ணை ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் இருக்கும் ராமப்பன் வீட்டில் உச்சிவேளையில், மாவு திரிக்கும் ராகிக்கல் தானாகச் சுற்றுகிறது என்று அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. களை எடுக்கப் போகிறவர்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது நடையை எட்டிப் போடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் ஒருத்திதான் இதைக் கேலியாகப் பேசுவாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "எங்க வூட்ல பேயும் இல்ல, அரைக்க ஆளும் இல்ல. உங்க பேய ரெண்டு நாளைக்கு இரவல் குடு வெங்கடம்மா" என்பாள். கேலி செய்வாளே தவிர, அவளும் பொழுது சாய்ந்தால் அந்த வாசலை மிதிக்க மாட்டாள்.

அந்த வீட்டுக்கு ஜன்னலே கிடையாது. கனத்த மண்சுவர், மேலே ஓடு, முன்னால் ஒரே ஒரு வாசல். உள்ளே நுழைந்ததும் இருட்டில் மாடுகளின் மூச்சுதான் முதலில் முகத்தில் படும். அந்தப் பக்கத்து வழக்கப்படி முன்கட்டில் மாடு, பின்கட்டில் மனுஷர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூலையில் ராகிக்கல் கிடந்தது. எந்த மாட்டையும் அந்த மூலைக்குப் பக்கத்தில் கட்ட முடியாது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடும். ராமப்பனின் பெண்டாட்டி வெங்கடம்மாள் எத்தனை முறை சாணம் போட்டு மெழுகினாலும் மறுநாள் கல்லைச் சுற்றி வட்டமாக ஒரு வெடிப்பு விட்டிருக்கும்.

அந்த வீட்டுக்குத்தான் மூத்த மகள் முனிலட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, மூக்கண்டப்பள்ளியிலிருந்து வண்டி கட்டி அம்மா அழைத்து வந்துவிட்டாள். புருஷன் தீர்த்தகிரி பெங்களூரில் மில் வேலைக்குப் போகிறவன். சனிக்கிழமைதான் வருவான். அங்கேயே பெற்றுக்கொள்கிறேன், ஓசூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று அவள் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தாள். பேய்க்குப் பயப்படுகிறாள் என்று மாமியார் வீட்டில் சிரித்தார்கள். அவளும் பயம் என்றே ஒப்புக்கொண்டாள். பயம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

வந்த முதல் நாள் உச்சிவேளையில் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். முனிலட்சுமி பின்கட்டில் தனியாகப் படுத்திருந்தாள். கர்ர் என்று மெல்லக் கிளம்பிய சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் எடுத்தது. சுற்று திரும்பும் இடத்தில் ஒரு சின்னத் திக்கல், பிறகு மறுபடியும் கர்ர். அந்தத் திக்கலை அவளுக்குத் தெரியும். அவளுடைய வலது தோள் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் இறக்கம். கல்லை இழுத்துவிடும்போது அந்த இடத்தில் கை ஒரு கணம் தயங்கும். அம்மா அரைத்தால் அது வராது. ஊரில் வேறு யார் அரைத்தாலும் வராது.

அவள் எழுந்து போய்ப் பார்த்தபோது கல் அசையாமல்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சிட்டிகை மாவு, புதுசாக, சூடாக இருந்தது.

அம்மா வந்து அதை விரலால் தொட்டு எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, உன் தங்கச்சி அரைச்சி வெச்சிருக்கா. அக்கா வந்துட்டான்னு தெரிஞ்சிக்கிச்சி" என்றாள்.

தங்கை காவேரிக்கு அந்தக் கல்லைச் சுற்ற வராது. ஒன்பது வயதில் அவளுடைய கை மேல்கல்லின் முளைக்கு எட்டவே எட்டாது. அந்த வீட்டில் ஆவியாக உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருப்பது செத்துப்போன தங்கை இல்லை. பதினாலு வயது முனிலட்சுமி. ஆறு வருஷமாக அவள் இன்னும் கல்லை நிறுத்தவில்லை.

ஊருக்குத் தெரிந்த கதை வேறு. ஐம்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதம், வெங்கடம்மாள் தன் அக்காள் வீட்டுச் சாவுக்குப் பேரிகைப் பக்கம் போயிருந்தாள். அவள் போன இரண்டாம் நாள் சின்னப் பெண் காவேரிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பொழுது இறங்குவதற்குள் போய்விட்டாள். ஒட்டுவாரொட்டி நோய் என்று ராமப்பன் அன்று சாயங்காலமே ஆற்றங்கரையில் புதைத்துவிட்டான். வெங்கடம்மாள் மறுநாள் நடந்தே வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஒரு மண்மேடுதான் கிடைத்தது. முகத்தைக்கூடக் காட்டவில்லையே என்று அவள் ஆற்றுமணலில் உருண்டதை ஊரே பார்த்தது. காவேரியின் ஒற்றைக் கொலுசை ராமப்பன் அவள் கையில் கொடுத்தான். இன்னொன்று ஆற்றில் விழுந்துவிட்டது என்றான்.

அதோடு விட்டதா? காய்ச்சல் கண்ட பிள்ளையை விட்டுவிட்டு ஒப்பாரிக்குப் போனவள் என்று பெண்கள் அவளைப் பேசினார்கள். வெங்கடம்மாளே அதை நம்பினாள். "போகும்போது நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சூடாத்தான் இருந்துச்சு. வெயிலுன்னு நெனச்சிட்டேன்" என்பாள். விருந்தாளி வந்தாலும் சொல்வாள், வளையல்காரன் வந்தாலும் சொல்வாள். தினமும் சோற்றுநேரத்தில் காவேரியின் தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டேதான் முனிலட்சுமி வளர்ந்தாள், சமைந்தாள், தாலி கட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தையில் அம்மாவின் மேலிருந்து அந்தப் பழியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

ராமப்பன் அன்றைக்குப் பிறகு வீட்டுக்குள் படுக்கவே இல்லை. காட்டுக் கொட்டகையில்தான் இருந்தான். பேய்க்குப் பயந்து போனான் என்றது ஊர். போன ஆடியில் அங்கேயே செத்தும் போனான். சாகும்வரை அவன் வீட்டுக்காரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ராகிக்கல்லுக்கு அடியில் இருக்கும் குழியைத் திறக்காதே, தண்ணீர் இறங்கி ராகி கெட்டுவிட்டது.

இப்போது வெங்கடம்மாள் அந்தக் குழியைத்தான் திறக்கப்போவதாகச் சொன்னாள். ராகி குழிக்குள் இருந்தால் பத்து வருஷமானாலும் புழு விழாது. இந்த வருஷம் மழை இல்லை. மகள் பிள்ளை பெறப்போகிறாள், களிக்கு ராகி வேண்டாமா? கெட்டிருந்தால் மாட்டுக்குப் போடலாம். இப்படி எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்காகப் பதில் இருந்தது. கடைசியாக மகளின் வயிற்றில் கைவைத்து, "பொண்ணுதான் பொறக்கும். காவேரின்னு பேரு வெக்கலாம். அவதான் திரும்பி வரா, எனக்குத் தெரியும்" என்றாள்.

முனிலட்சுமி அந்தக் கையை எடுத்துவிடவும் முடியாமல், அப்படியே இருக்கவும் முடியாமல் கூசிப்போய் நின்றாள். அந்தக் குழிக்குள் என்ன கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு கொலுசு ஆற்றில் விழவில்லை.

நடந்தது இதுதான். அந்த வருஷம் லெவி நடந்துகொண்டிருந்தது. விளைந்த தானியத்தில் வீட்டுச் செலவுக்குப் போக மிச்சத்தைச் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும். ராமப்பன் அளக்க மனசில்லாமல் வீட்டுக்குள்ளேயே இரகசியமாகக் குழி வெட்டியிருந்தான். வாய் குறுகல், உள்ளே பானை வயிறுபோல அகலம். மனைவி ஊரில் இல்லாத அன்று, மேலிருந்து அவனும் முனிலட்சுமியும் மூட்டை மூட்டையாக ராகியைக் கொட்ட, காவேரி உள்ளே இறங்கி மிதித்து நிரவிக்கொண்டிருந்தாள். அந்த வாய்க்குள் நுழைய அவள் ஒருத்தியால்தான் சுளுவாக முடியும். அவளுக்கு அது விளையாட்டு. ராகியில் புதைந்து புதைந்து எழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். குழி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிவிட்டது.

ஏரித் திருப்பத்தில் லெவி ஜீப் வருகிறது என்று யாரோ தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள். ராமப்பனுக்கு முகம் வெளுத்துப்போனது. "சத்தம் போடாத கண்ணு, இதோ வந்துடறேன்" என்று காவேரியிடம் சொல்லிவிட்டுப் பலகைக்கல்லை வாயின்மேல் தள்ளினான். இரண்டு கை சாணத்தை அப்பினான். ராகிக்கல்லை உருட்டிவந்து அதன்மேல் வைத்தான். முனிலட்சுமியை அதன் எதிரில் உட்காரவைத்து, அவர்கள் போகிறவரை கல்லை நிறுத்தாதே என்றான்.

அதிகாரி கெட்டவர் இல்லை. வெயிலில் அலைந்து களைத்திருந்தார். மோர் வாங்கிக் குடித்தார். கூட வந்தவரோடு மாட்டு விலையைப் பற்றிப் பேசினார். வெற்றிலை போட்டார். எழுந்து போகிறமாதிரி எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார். அப்போதுதான் கல்லுக்கு அடியிலிருந்து தட்டுகிற சத்தம் ஒன்று வந்தது. முனிலட்சுமியின் தொடைக்குக் கீழே, தரையில், மெதுவாக. பிறகு இரண்டு தட்டு. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கல்லை வேகமாகச் சுற்றினாள். தட்டு பலமாக வர வர இவளும் பலமாகச் சுற்றினாள்.

அதிகாரி திரும்பிப் பார்த்து, இந்த வயதில் இப்படி வேலை செய்கிற பெண்ணைத் தான் பார்த்ததே இல்லை என்று சொன்னார்.

முனிலட்சுமி சிரித்தாள். அவளை அதுவரை யாரும் மெச்சியதில்லை. வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் நாலு சுற்று கூடுதலாகச் சுற்றிக் காட்டினாள். அந்த நாலு சுற்றுக்குப் பிறகு அடியிலிருந்து தட்டு வரவில்லை.

ஜீப் போனபின் திறந்தார்கள். காவேரி தூங்குகிறவள்போல ராகியின்மேல் சுருண்டிருந்தாள். அவளைத் தூக்கும்போதுதான் ஒரு கொலுசு கழன்று ராகிக்குள் போனது. தேட ராமப்பனுக்குக் கை வரவில்லை. மூடிவிட்டான். அன்று சாயங்காலம் பசுவின் நெற்றியில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னான். முனிலட்சுமி செய்தாள். அப்பா நெருக்கியதால் செய்தேன் என்று பிற்பாடு தனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறாள். உண்மையில் அவன் கேட்காவிட்டாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். குழியை மூடியது அப்பா. ஆனால் அந்தச் சிரிப்பு அவளுடையது.

வெள்ளிக்கிழமை காலையில் சென்னம்மாளின் புருஷன் திம்மப்பன் கடப்பாரையோடு வந்தான். சென்னம்மாளும் கூட வந்தாள். புருஷனைத் தனியாக அனுப்பினால் பேய் பிடித்துக்கொண்டு தனக்கு ஒரு சக்களத்தி வந்துவிடும் என்றாள். கல்லை உருட்டிப் பலகைக்கல்லை நெம்பி எடுத்ததும் புளித்த வாடை குப்பென்று எழுந்தது. மாடுகள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. அன்று யாரும் உள்ளே இறங்கவில்லை. ராகிக்குழியைத் திறந்தால் ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட வேண்டும். மறுநாள் விளக்கு ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்த்து, விளக்கு அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். குழிக்குள் இருக்கிற காற்று ஆளைத் தின்றுவிடும். இது அந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். ராமப்பனுக்கும் தெரிந்துதான் இருந்தது. மோர் குடிக்கிற நேரம்தானே என்று நினைத்துவிட்டான்.

மறுநாள் விடிவதற்குள் முனிலட்சுமி ஒரு பொய்யைத் தயார்செய்து வைத்திருந்தாள். கொலுசு கிடைத்தால், எனக்கு ஒன்றும் தெரியாது, அப்பாதான் தாங்கமாட்டாமல் அதற்குள் போட்டிருப்பார் என்று சொல்லிவிடலாம். நல்ல பொய். செத்தவன் வந்து மறுக்கப்போவதில்லை.

திம்மப்பன் அகலைக் கயிற்றில் கட்டினான். வெங்கடம்மாள் திரி ஏற்றிக்கொடுத்தபடி, யாரும் கேட்காமலே, வழக்கமாகச் சொல்வதை அவனிடம் ஆரம்பித்தாள். போகும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன் அண்ணா, சூடாகத்தான் இருந்தது, வெயில் என்று நினைத்துவிட்டேன்.

"காய்ச்சல் இல்லம்மா" என்றாள் முனிலட்சுமி.

அம்மா திரும்பினாள்.

"அவளுக்கு ஒண்ணுமே இல்ல. நல்லாத்தான் இருந்தா. இந்தக் குழிக்குள்ளதான் இருந்தா. லெவிக்காரங்க வந்தாங்கன்னு அப்பா மூடிட்டாரு. மேல நான் அரைச்சிக்கினு இருந்தேன்."

திம்மப்பன் அகலைத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

"தட்டினாளா?" என்று கேட்டாள் அம்மா.

"தட்டினா."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. கேக்கக் கூடாதுன்னு வேகமா அரைச்சேன். அந்த ஆளு என்னை மெச்சினாரு." அம்மா காத்துக்கொண்டு நின்றாள். "நான் சிரிச்சேன்."

அம்மா அடிக்கவில்லை. அழவும் இல்லை. அடித்திருந்தால் முனிலட்சுமிக்கு நிற்க ஒரு இடம் கிடைத்திருக்கும். அம்மா குனிந்து அகலை எடுத்தாள், தானே கயிற்றைப் பிடித்து இறக்கினாள். அது உள்ளே ஆடாமல் எரிந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மா குழிக்குள் இறங்கினாள். ஆறு வருஷத்தில் அவள் அவ்வளவு ஒல்லியாகியிருந்தாள். ராகியின்மேல் உட்கார்ந்தபோது அவளுடைய தலை வாய்க்கு ஒரு முழம் கீழே இருந்தது.

"கல்ல மேல போடுங்க" என்றாள்.

திம்மப்பன் முடியாது என்றான். அவள் மறுபடியும் சொன்னாள். முழுக்க மூட மாட்டேன் என்று, ஒரு சாண் சந்து விட்டுப் பலகைக்கல்லை இழுத்தான். அவனும் சென்னம்மாளுமாக ராகிக்கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள்.

"முனி, உக்காந்து அரை. எனக்குக் கேக்கணும்."

நிறைவயிற்றோடு முனிலட்சுமி சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்தாள். முளையைப் பிடித்தாள். கை அதுவாகவே சுற்றியது. சுற்று திரும்பும் இடத்தில் அதே திக்கல். எதிரே இருட்டில் மாடுகள் அவளையே பார்த்தன. சந்து வழியாக அம்மாவின் குரல் வந்தது. குழிக்குள்ளிருந்து வருவதால் அது அம்மாவின் குரலாக இல்லை.

"நல்லாக் கேக்குதுடி. நீ அரைக்கிறது நல்லாக் கேக்குது. அக்கா மேலதான் இருக்கான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அதை அம்மா ஆறுதலாகச் சொன்னாளா, வேறு விதமாகச் சொன்னாளா என்று முனிலட்சுமிக்குப் புரியவில்லை. இந்த ஆறு வருஷத்தில் அவள் எண்ணிப் பார்க்காதது அது ஒன்றுதான். அக்கா மேலே இருக்கிறாள் என்று தெரிந்துதான் காவேரி தட்டியிருக்கிறாள்.

அப்போது தொடைக்குக் கீழே ஒரு தட்டு வந்தது. மெதுவாக.

முனிலட்சுமி கையை எடுத்தாள். சுட்டதுபோல எடுத்தாள். மேல்கல் தன் கனத்தில் பாதிச் சுற்று போய் நின்றது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அம்மா இரண்டாவது முறை தட்டவில்லை. உள்ளே அவள் கைகளால் ராகியை அளையும் சலசலப்பு மட்டும் வெகுநேரம் கேட்டது.

திம்மப்பன் கல்லை நகர்த்த, வெளியே வந்தபோது அம்மாவின் முழங்கைவரை தூசியாக இருந்தது. மூடிய கைக்குள் எதையோ வைத்திருந்தாள். யாருக்கும் காட்டாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். ராமப்பன் கொடுத்த ஒற்றைக் கொலுசு அங்கே முன்பே இருந்தது. பிறகு ஒரு முறம் ராகியை அள்ளிப் புடைத்து, தானே கல்லில் போட்டு அரைத்தாள். உச்சிவேளை வந்து போனது. தானாகச் சுற்றும் சத்தம் அன்று கேட்டதா என்று யாரும் கவனிக்கவில்லை. கல்தான் காலியாக இல்லையே.

அம்மா களி கிண்டினாள். கொள்ளுச் சாறு வைத்தாள். இரண்டு உருண்டை பிடித்தாள். ஒன்றைத் தன் தட்டில் வைத்தாள். இன்னொன்றைக் காவேரியின் தட்டில் வைத்தாள். முனிலட்சுமிக்குத் தட்டு வைக்கவில்லை. அவள் சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தனக்குக் கிடைக்கவேண்டியது அதுதான் என்று நினைத்தாள்.

அம்மா காவேரியின் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "வயித்துல இருக்கறதுக்குப் பசிக்கும். தின்னு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பேரு வேற பாத்துக்கலாம்" என்றாள்.

முனிலட்சுமி பிட்டு, சாற்றில் தோய்த்து விழுங்கினாள். ஆறு வருஷமாக யாரும் கைவைக்காத தட்டு. அதன் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. அதைக் கீழே போட்டு நசுக்கியதற்காகக் காவேரி வாங்கிய அடி அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை.

"சாறுல உப்பு இருக்குதா?" என்று அம்மா கேட்டாள்.

இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படிச் சொல்லியே பழக்கம்.

"இல்லம்மா" என்றாள். "போடல."

அம்மா எழுந்து உப்புப் பானையை எடுக்கப் போனாள்.